அடிஸ் அபாபாவில் 39, அஃபாரில் 125: குழந்தை இறப்பு வீதத்தை எப்படிப் படிப்பது?

ஒல்லியான பையனைப் பார்த்து ‘என்னடா, சோமாலியாவிலிருந்து வந்தவன் மாதிரி இருக்கே’ என்று கேலி பேசாத வகுப்பறை நம் பக்கம் குறைவு. 1984இன் எத்தியோப்பியப் பஞ்சமும் 1992இன் சோமாலியப் பஞ்சமும் நம் தலைக்குள் ஒரு படத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டன. அந்தப் படத்தில் ஊர் கிடையாது, மாவட்டம் கிடையாது. ஆப்பிரிக்கா என்றால் ஒரே வறண்ட நிலம், ஒரே பசித்த பிள்ளை. ‘ஏழை நாடுகளில் குழந்தை இறப்பு’ என்று செய்தி வரும்போதும் இந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். ‘அங்கே எல்லாம் அப்படித்தான்’ என்று முடித்தும் விடுகிறோம்.

அங்கே எல்லாம் அப்படி இல்லை. ஒரே ஏழை நாட்டுக்குள், ஒரு பகுதியில் பிறந்த குழந்தை ஐந்து வயதைத் தாண்டாமல் போகும் வாய்ப்பு இன்னொரு பகுதியில் பிறந்த குழந்தைக்கு இருப்பதைவிட மூன்று மடங்கு அதிகமாக இருக்கலாம். அரசு ஒன்று, நாணயம் ஒன்று, சுகாதார அமைச்சகம் ஒன்று. பிறகு எங்கிருந்து வருகிறது இந்த வித்தியாசம்? அதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும். எல்லாரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் எத்தியோப்பியாவையே எடுத்துக்கொள்வோம்.

அந்த எண் எதைச் சொல்கிறது?

ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு வீதம் என்பது, உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் எத்தனை பேர் ஐந்தாம் பிறந்தநாளுக்கு முன் இறந்துபோகிறார்கள் என்ற கணக்கு. முதல் பிறந்தநாளுக்குள் நேர்ந்தால் அது சிசு இறப்பு. பிறந்து 28 நாட்களுக்குள் நேர்ந்தால் பச்சிளங்குழந்தை இறப்பு. இவை தனித்தனிக் கணக்குகள் அல்ல. முதலாவதற்குள் இரண்டாவதும் இரண்டாவதற்குள் மூன்றாவதும் அடக்கம். மூன்றையும் ‘குழந்தை இறப்பு’ என்ற ஒரே பெயரில் எழுதிவிடுவதால், ஒரு செய்தியில் 67 என்றும் இன்னொன்றில் 29 என்றும் பார்த்துக் குழம்புகிறோம். இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

எத்தியோப்பியாவில் 2016இல் நடந்த தேசிய ஆய்வின்படி, 1,000 குழந்தைகளில் 67 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். அந்த 67 பேரில் 48 பேர் ஒரு வயதுக்குள், அதிலும் 29 பேர் முதல் 28 நாட்களுக்குள். ஐந்து ஆண்டு என்றால் அறுபது மாதம். முதல் மாதம் ஒன்றே ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கொண்டுபோய்விடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உலகச் சராசரியையும் பார்த்துவிடலாம். 1990இல் 93 ஆக இருந்தது 2023இல் 37 ஆகக் குறைந்திருக்கிறது. பெரிய சாதனைதான். அப்படியும் 2023இல் ஐந்து வயதை எட்டாமல் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 48 லட்சம்.

சராசரியும் கடைமடையும்

மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள், வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி என்று செய்தி வந்ததும் வேதாரண்யம் பக்கத்து விவசாயி நிம்மதியாகப் படுத்துவிடமாட்டார். அணையில் திறந்த தண்ணீர் வேறு, தன் வயலுக்கு வரும் தண்ணீர் வேறு என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு மதகிலும் கொஞ்சம் பிரியும், தூர் வாராத இடத்தில் கொஞ்சம் நிற்கும், உடைப்பில் கொஞ்சம் போகும். கடைமடைக்கு வருவது மிச்சம்தான். ஒரு நாட்டின் சராசரி இறப்பு வீதம் அணையில் எடுக்கும் அளவைப் போன்றது.

அதே 2016 ஆய்வைப் பகுதிவாரியாகப் பிரித்தால், தலைநகர் அடிஸ் அபாபாவில் 1,000க்கு 39. வடகிழக்கில் எரித்திரியா, ஜிபூட்டி எல்லையோரம் இருக்கும் அஃபார் பகுதியில் 125. அடிஸ் அபாபாவில் இருபத்தாறு குழந்தைகளில் ஒன்று இறந்தால், அஃபாரில் எட்டில் ஒன்று.

எத்தியோப்பியா மட்டும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். வருமானத்தில் ஒரு படி மேலே இருக்கும் நைஜீரியாவில் இடைவெளி இன்னும் கொடுமை. 2018 ஆய்வில் லாகோஸை ஒட்டிய ஓகுன் மாநிலத்தில் 30, வடமேற்கு எல்லையில் உள்ள கெப்பி மாநிலத்தில் 252. நாலில் ஒரு பிள்ளை. ‘நைஜீரியாவில் 132’ என்ற தேசிய எண் ஓகுன்காரருக்கும் பொருந்தாது, கெப்பிக்காரருக்கும் பொருந்தாது.

ஒரு புதிர்

எத்தியோப்பிய எண்களை உன்னிப்பாகப் பார்ப்பவர் ஓர் இடத்தில் முட்டிக்கொள்வார். ஒரோமியாவில் 79, அம்ஹாராவில் 85. மக்கள்தொகையில் முதலிரண்டு இடம் இவற்றுக்குத்தான். 67க்குக் கீழே இருப்பவை அடிஸ் அபாபாவும், 59 என்று பதிவான வடக்குப் பகுதி டிக்ராயும் மட்டும்தான். இரண்டும் சேர்ந்தாலும் நாட்டில் சிறு பங்கு. அப்படியிருக்க, தேசியச் சராசரி எப்படி 67 ஆக முடியும்?

எண்கள் பொய் இல்லை. அவை எடுத்துக்கொண்ட காலம் வேறு. தேசிய எண் ஆய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கானது. பகுதி எண்கள் முந்தைய பத்து ஆண்டுகளுக்கானவை. ஒரு சிறிய பகுதியில் ஐந்தாண்டு இறப்புகளை மட்டும் எடுத்தால் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும், தற்செயலாக நாலைந்து கூடினாலோ குறைந்தாலோ வீதம் தாறுமாறாக ஆடும். அதனால் பத்தாண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். இறப்பு வேகமாகக் குறைந்துகொண்டிருந்த நாட்டில் பத்தாண்டுக் கணக்கில் பழைய, மோசமான ஆண்டுகளும் சேர்ந்துவிடும். பகுதியைப் பகுதியோடுதான் ஒப்பிட வேண்டும். ‘தேசியச் சராசரி 67, அஃபாரில் 125’ என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டு எழுதும் கட்டுரைகள் ஏராளம். அந்த ஒப்பீடு செல்லாது.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியவை இவ்வளவே: எண்ணைப் பார்த்ததும் எந்த வயதுவரை, எந்த இடம், எந்த ஆண்டுகள் என்று கேட்க வேண்டும். தேசியச் சராசரி என்பது நிஜத்தில் எந்த ஊரின் எண்ணும் அல்ல.

நோய் ஒன்றுதான்

அடுத்த தவறான எண்ணம், அதிகம் பேர் இறக்கும் இடத்தில் ஏதோ தனிப்பட்ட கொடிய நோய் இருக்கும் என்பது. எபோலா போன்ற பெயர்கள் செய்தியில் அடிபடுவதால் இப்படித் தோன்றுகிறது. பிள்ளைகளைக் கொல்பவை நமக்கு நன்றாகத் தெரிந்த, பெயரைக் கேட்டால் பயமே வராத நோய்கள். நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா, தட்டம்மை. முதல் மாதத்தில் என்றால் குறைமாதப் பிறப்பு, பிரசவத்தின்போது மூச்சுத்திணறல், கிருமித் தொற்று.

இவற்றுக்குப் பின்னால் ஊட்டச்சத்துக் குறைவு நிற்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பில் ஏறக்குறைய பாதியில் அதற்குப் பங்கு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பட்டினியால் நேராக இறப்பவர்கள் குறைவு. தேறிய பிள்ளைக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு வந்தால் இளைத்துப்போய் எழுந்துவிடும். ஏற்கெனவே மெலிந்த பிள்ளைக்கு அதே மூன்று நாள் போதும், எல்லாம் முடிந்துவிட. இறப்புக்குக் காரணம் ‘வயிற்றுப்போக்கு’ என்றுதான் எழுதப்படும்.

ஓஆர்எஸ் பொட்டலம், அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக், தட்டம்மைத் தடுப்பூசி, கொசுவலை என்று இந்த நோய்களுக்கான மருந்தும் தடுப்பும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன, விலையும் மலிவு. நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று என்றால் 39க்கும் 125க்கும் நடுவில் இருப்பது என்ன?

பெருக்கல் கணக்கு

இரண்டு வயதுக் குழந்தைக்கு நிமோனியா வந்துவிட்டது. அது பிழைக்க ஐந்து படிகளைத் தாண்ட வேண்டும். இது சாதாரணச் சளி இல்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது என்று வீட்டில் யாராவது கவனிக்க வேண்டும். வைத்தியத்துக்குக் கொண்டுபோக முடிவெடுக்க வேண்டும். பல வீடுகளில் அந்த முடிவு தாயின் கையில் இல்லை, செலவு செய்ய வேண்டியவர் வெளியூரில் இருப்பார். பிறகு சுகாதார நிலையத்துக்குப் போய்ச்சேர வேண்டும். போனால் அங்கே விவரம் தெரிந்த ஓர் ஆள் இருக்க வேண்டும். அவர் கையில் மருந்து இருக்க வேண்டும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊரில் ஒவ்வொரு படியையும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தாண்டுகிறார்கள், இன்னோர் ஊரில் நூற்றுக்கு அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் படியை எடுத்தாலும் வித்தியாசம் ஒன்றரை மடங்குதான். ஆனால் ஐந்தையும் தாண்டியாக வேண்டும் என்பதால், 0.9ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். முதல் ஊரில் நூறு பிள்ளைகளில் 59 பேருக்கு மருந்து கிடைக்கிறது. இரண்டாவது ஊரில் 0.6ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது 8கூட இல்லை. படிக்குப் படி ஒன்றரை மடங்காக இருந்தது, முடிவில் ஏழரை மடங்காகிவிடுகிறது.

கடைமடைக்கு நடப்பதும் இதுவே. எந்த மதகிலும் பெரிய கொள்ளை நடந்திருக்காது.

‘அந்த மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, அது ஐந்தில் ஒரு படியைப் பற்றிய பேச்சு. அதை நூற்றுக்கு நூறாக்கிவிட்டாலும், மற்ற நாலும் அறுபதிலேயே நின்றால் மருந்து கிடைப்பது நூற்றில் 13 பேருக்குத்தான். எனக்கு விழிப்புணர்வுப் பிரசாரங்கள் மீது கோபம் இல்லை. எல்லாப் பழியையும் தாயின் தலையில் போட அது வசதியாக இருக்கிறது என்பதில்தான் கோபம்.

சுருக்கமாக: வித்தியாசத்தைப் பிறப்பிப்பது ஒரு பெரிய காரணம் அல்ல. வரிசையாக வரும் சிறிய குறைகள் ஒன்றோடொன்று பெருகித்தான் மடங்குக் கணக்காகின்றன.

அஃபாரில் அந்தப் படிகள் எப்படி இருக்கின்றன?

அடிஸ் அபாபா கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிர்ந்த மேட்டுநிலம் என்பதால் மலேரியாக் கொசு அங்கே பெரிதாகத் தலையெடுப்பதில்லை. அஃபார் தாழ்நிலம். அதன் வடக்கிலுள்ள டனாக்கில் பள்ளம் கடல்மட்டத்துக்கும் 100 மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது, உலகின் மிக வெப்பமான இடங்களில் ஒன்று. ஆக, தொடக்கக் கோடே வேறு. ஆனால் தட்பவெப்பத்தோடு கதை முடிவதில்லை.

அஃபார் மக்களில் பெரும்பாலோர் ஒட்டகமும் ஆடும் மாடும் வைத்திருக்கும் மேய்ச்சல்காரர்கள். மழை போகும் திசையில் மந்தை போகும், மந்தை போகும் திசையில் ஆட்கள் போவார்கள். சிறு பிள்ளைகளின் உணவில் பால்தான் முக்கியம். கோடையில் மந்தையைத் தூர மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய்விட்டால், தாயும் கைக்குழந்தையும் தங்கும் இடத்தில் பால் குறைந்துவிடும். வறட்சி நீண்டால் கால்நடை செத்து, பாலும் போய், தானியம் வாங்க விற்பதற்கும் ஒன்றும் மிஞ்சாது. எல் நினோவால் வந்த 2015ஆம் ஆண்டு வறட்சியில் அஃபாருக்கு அதுதான் நேர்ந்தது.

அடுத்து, மருத்துவ வசதி. 2016 ஆய்வில் அடிஸ் அபாபாவில் நூற்றுக்கு 97 பிரசவங்கள் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடந்தன, அஃபாரில் 15. அடிப்படைத் தடுப்பூசிகள் எல்லாம் போட்ட ஒரு வயதுக் குழந்தைகள் தலைநகரில் நூற்றுக்கு 89 பேர், அஃபாரில் மறுபடியும் 15. நான் மேலே கற்பனையாகச் சொன்ன 60 எவ்வளவு தாராளமானது என்று இப்போது புரியும்.

எது குறைத்தது, எது குறைக்கவில்லை

இதையெல்லாம் படித்துவிட்டு எத்தியோப்பியா தோற்றுப்போன நாடு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டு ஆய்வில் அங்கே ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு 166. அது 2005இல் 123, 2011இல் 88, 2016இல் 67. பதினாறு ஆண்டுகளில் பாதிக்கும் கீழே. இத்தனைக்கும் அந்தக் காலம் முழுக்க உலகின் ஏழை நாடுகளில் ஒன்றாகவே இருந்தது.

இதில் பெரிய பங்கு 2003இல் தொடங்கிய சுகாதார விரிவாக்கத் திட்டத்துக்கு உண்டு. பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்து, அரசுச் சம்பளத்தில் கெபெலேவுக்கு இருவராக நியமித்தார்கள். கெபெலே என்பது சுமார் 5,000 பேர் வாழும் மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு. நம் கிராம சுகாதாரச் செவிலியரை நினைத்துக்கொள்ளலாம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இப்படி வேலைக்கு வந்தார்கள். தொடக்கத்தில் நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க இவர்களுக்கு அனுமதி இல்லை. 2010ஐ ஒட்டி அந்த விதி மாறியது. ‘போய்ச்சேர வேண்டும்’, ‘ஆள் இருக்க வேண்டும்’, ‘மருந்து இருக்க வேண்டும்’ என்ற மூன்று படிகளை ஒரே ஏற்பாடு தொட்டது. பெருக்கல் கணக்கில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். ருவாண்டாவும் கிராமங்களில் சுகாதாரத் தொண்டர்களை வைத்து, காப்பீட்டையும் பரவலாக்கி, 2005இல் 152 ஆக இருந்ததைப் பத்தே ஆண்டுகளில் 50க்குக் கொண்டுவந்தது.

ஆனால் எத்தியோப்பியத் திட்டம் ஓரிடத்தில் உழுது வாழும் மேட்டுநிலக் கிராமத்தை மனதில் வைத்து வரையப்பட்டது. கட்டடம் ஓரிடத்தில் நிற்கும், ஆட்கள் நடந்து வருவார்கள் என்பது அதன் அடிப்படை. அஃபாரிலும், எத்தியோப்பியாவுக்குள்ளேயே இருக்கும் சோமாலி பகுதியிலும் (சோமாலியா நாடு வேறு) கட்டடம் நிற்கும், ஆட்கள் போய்விடுவார்கள். மேய்ச்சல் பகுதிகளுக்கென்று திட்டத்தைப் பிறகு திருத்தி எழுதினார்கள் என்றாலும், பின்னால் ஒட்டுப்போட்டதற்கும் முதலிலேயே அளவெடுத்துத் தைத்ததற்கும் வித்தியாசம் உண்டு. நாட்டின் சராசரி குறையும்போது உள்ளே இடைவெளி அகலவும் செய்யலாம் என்பது இப்படித்தான். எளிதில் போய்ச்சேரக்கூடிய இடத்துக்குத் திட்டம் முதலில் போகிறது.

முதல் மாதக் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 2019இல் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு 59க்கு இறங்கியிருந்தது. ஆனால் பச்சிளங்குழந்தை இறப்பு 33. முன்பு 29. இந்த நாலு வித்தியாசம் ஆய்வின் பிழை வரம்புக்குள் அடங்கக்கூடியது, அதனால் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. குறையவில்லை என்று சொல்லலாம். இத்தனைக்கும் சுகாதார நிலையங்களில் நடக்கும் பிரசவம் அதே காலத்தில் நூற்றுக்கு 26இலிருந்து 48 ஆகியிருந்தது.

தடுப்பூசியையும் ஓஆர்எஸ் பொட்டலத்தையும் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோகலாம். மூச்சுவிடாமல் பிறந்த குழந்தையை அடுத்த ஒரு நிமிடத்தில் மூச்சுவிட வைப்பதும், ஒன்றரைக் கிலோக் குழந்தையின் உடல் சூட்டைக் காப்பதும் பையில் போகாது. பயிற்சி பெற்ற கை அந்த நேரத்தில் அந்த அறையில் இருக்க வேண்டும். தாய் வாசல்வரை வந்துவிட்டாள். உள்ளே இருந்தாக வேண்டிய அந்தக் கைதான் இல்லை. அதனால்தான் உலகம் முழுக்க, இறப்பு குறையக் குறைய முதல் மாதத்தின் பங்கு கூடிக்கொண்டே வருகிறது.

வீதம் வேறு, எண்ணிக்கை வேறு

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது. எங்கே செலவழிப்பது? அதிக வீதம் உள்ள அஃபாரில் என்று சொல்லத் தோன்றும். 2007 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அஃபாரில் சுமார் 14 லட்சம் பேர், ஒரோமியாவில் சுமார் 2.7 கோடி. பிறப்பு வீதம் இரண்டிலும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், 79 என்ற குறைந்த வீதத்திலேயே ஒரோமியாவில் இறக்கும் குழந்தைகள் அஃபாரைவிட ஏறத்தாழ 12 மடங்கு. அதிகம் உயிர்களைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ஒரோமியா. எந்த ஊரில் பிறந்தாலும் வாய்ப்பு ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் அஃபார். அதே பணத்தில் அஃபாரில் எட்டக்கூடிய பிள்ளைகளும் குறைவு, ஏனென்றால் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன.

இதற்குக் கணக்கில் விடை கிடையாது, அரசியலில்தான் உண்டு. வீதத்தை மட்டும் காட்டி வாதிடுபவரும் எண்ணிக்கையை மட்டும் காட்டி வாதிடுபவரும் பாதியை மறைக்கிறார்கள் என்பது என் எண்ணம். என்னைக் கேட்டால் அஃபார் பக்கம்தான் சாய்வேன். எண்ணிக்கை பெரிதாக இருக்கும் இடத்துக்குப் பேச ஆள் இருக்கும்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

பிறப்பும் இறப்பும் முறையாகப் பதிவாகாத நாட்டில் இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள்? வீடு வீடாகப் போய், 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். எப்போது பிறந்தது, உயிரோடு இருக்கிறதா, இல்லையென்றால் எந்த வயதில் போனது. மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வு என்று இதற்குப் பெயர். நம் தேசியக் குடும்ப நல ஆய்வும் இதே குடும்பம்தான்.

இதன் பலவீனங்களும் சேர்ந்து கடைமடைப் பக்கமே விழுகின்றன. பிரசவத்தில் இறந்த தாயிடம் கேட்க முடியாது. பிறந்த அன்றே போன குழந்தையைச் சிலர் சொல்வதில்லை. இடம்பெயர்ந்துகொண்டிருக்கும் குடும்பம் பட்டியலில் இருக்காது. 2011 ஆய்வில் சோமாலி பகுதியில் தேர்ந்தெடுத்த இடங்கள் சிலவற்றில் வறட்சி, பாதுகாப்பு போன்ற காரணங்களால் பேட்டியே எடுக்க முடியவில்லை. எங்கே நிலைமை மோசமோ அங்கே எண் மங்கலாக இருக்கும், பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவும் இருக்கும்.

இந்த ஆய்வுகளுக்குப் பல பத்தாண்டுகளாகப் பெரும் நிதி கொடுத்து வந்தது அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பு. 2025 பிப்ரவரியில் அந்த நிதி நிறுத்தப்பட்டது, பல நாடுகளில் ஆய்வுகள் பாதியில் நின்றன. டிக்ராய்க்கு மேலே 59 என்று கொடுத்திருக்கிறேன். அது 2016 ஆய்வின் எண். 2020 நவம்பர் முதல் 2022 நவம்பர் வரை அங்கே போர் நடந்தது, சுகாதார நிலையங்கள் சூறையாடப்பட்டன. அந்த 59ஐ இன்றைய டிக்ராயின் எண் என்று யாராவது எடுத்துக்காட்டினால் ஆண்டைக் கேளுங்கள்.